இருபது பவுண்டுக்குள் நல்ல ஜின் வாங்குவது எப்படி?

இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: சூப்பர்மார்க்கெட் அலமாரியில் 13 பவுண்டில் தொடங்கி 45 பவுண்ட் வரை ஜின் வரிசையாக நிற்கிறது, என்னால் 20 பவுண்டுக்கு மேல் செலவழிக்க முடியாது, டானிக் என்ற கசப்புச் சோடாவோடு குடிக்கவும் எப்போதாவது நண்பர்களுக்கு மார்ட்டினி காக்டெயில் கலந்து கொடுக்கவும் நல்ல பாட்டில் எது? கேட்பது பிராண்ட் பெயர்தான். ஆனால் அவர் மனதில் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். விலை கூடக் கூட ஜின் நன்றாகிக்கொண்டே போகிறதா, 20 பவுண்டோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு என்ன நஷ்டம் என்பதுதான் அது. பெயர்களும் சொல்கிறேன். அதற்கு முன்னால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் அலமாரியில் என்ன மாறினாலும் நீங்களே பார்த்து எடுக்கலாம்.

லண்டனில் பல வருடம் பார்களிலும், அதன்பிறகு மதுக்கடையிலும் வேலை பார்த்திருக்கிறேன். ஸ்பிரிட்ஸ், அதாவது காய்ச்சி வடித்த மதுக்கள் பற்றிய தொழில்முறைப் படிப்பும் முடித்திருக்கிறேன். ஆனால் நான் ஜின் காய்ச்சுகிறவன் இல்லை, விற்றவன், கலந்தவன், ருசித்தவன். சட்டமும் வரியும் உறுதியாகச் சொல்லக்கூடியவை. ருசி பற்றிச் சொல்வது என் நாக்கின் தீர்ப்பு, அதில் நீங்கள் மாறுபடலாம். எது எந்த வகை என்பதை ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

சுருக்கமான பதில் இதுதான்: மற்ற எந்த மதுவையும்விட ஜின்னில்தான் நடுத்தர விலையில் முதல்தரமான சரக்கு கிடைக்கும். ஸ்காட்ச் விஸ்கி என்று பெயர் வாங்க ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் கிடக்க வேண்டும், நல்லவை 10, 12 வருடம் கிடக்கின்றன. அத்தனை வருடக் கிடங்கு வாடகை, முடங்கிக் கிடக்கும் முதல், பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகும் சாராயம் எல்லாம் விலையில் ஏறும். ஜின்னுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. தானியத்திலிருந்து பெரிய ஆலையில் எடுத்த, 96 சதவீதம் வரை சுத்தமான, மணம் குணம் இல்லாத ஸ்பிரிட்டை வாங்குகிறார்கள். அதில் ஜூனிபர் காய் (பைன் மர வாசனை உள்ள சின்னக் காய், ஜின்னின் அடையாளமே அதுதான்), கொத்தமல்லி விதை, வேர்கள், பழத்தோல்கள் போட்டு இன்னொரு முறை காய்ச்சி வடிக்கிறார்கள். தண்ணீர் சேர்த்து அளவுக்குக் கொண்டுவந்து பாட்டிலில் அடைக்கிறார்கள். திங்கட்கிழமை காய்ச்சினால் அந்த மாதமே கடைக்கு வந்துவிடலாம். வாசனைப் பொருட்களும் ஒரு லிட்டருக்குச் சில பத்து கிராம்தான். ஆகவே பெரிய அளவில், நல்ல சரக்கு வாங்கி, கவனமாகக் காய்ச்சும் நிறுவனத்தால் மிகக் குறைந்த செலவில் அருமையான ஜின் செய்ய முடியும். செய்துகொண்டும் இருக்கிறார்கள்.

அப்படியென்றால் மிக மலிவானதையே எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் வரிக் கணக்கைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் ஸ்பிரிட் மீதான தீர்வை பாட்டில் விலையைப் பார்த்துப் போடுவதில்லை, உள்ளே இருக்கும் ஆல்கஹாலின் அளவைப் பார்த்துப் போடுவது. 2025 பிப்ரவரியில் வந்த விகிதப்படி ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 32.79 பவுண்டாக இருந்தது, அதை வைத்தே கணக்குப் போடுகிறேன். 700 மில்லி பாட்டிலில் 37.5 சதவீத ஜின் இருந்தால் தீர்வை மட்டும் 8.61 பவுண்ட். இதற்கு மேல் 20 சதவீத வாட் வரி, அதுவும் தீர்வையையும் சேர்த்த மொத்தத்தின் மீது. 14 பவுண்ட் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். வாட் 2.33, தீர்வை 8.61 போக மிஞ்சுவது சுமார் 3 பவுண்ட். ஜின், கண்ணாடி, மூடி, லேபிள், லாரி, கடைக்காரர் லாபம் எல்லாம் அந்த மூன்று பவுண்டுக்குள். அதே 37.5 சதவீத ஜின் 20 பவுண்ட் என்றால் மிஞ்சுவது 8 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 6 பவுண்ட், ஆனால் ஜின்னுக்கும் அதை விற்பதற்கும் மிஞ்சுவது இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. தீர்வை விகிதம் வருடாவருடம் மாறும், ஆனாலும் கணக்கின் போக்கு இப்படித்தான் இருக்கும். அடிமட்டத்திலிருந்து 18, 20 பவுண்ட் வரை ஏறும் ஒவ்வொரு பவுண்டுக்கும் நல்ல பலன் உண்டு. உங்கள் பட்ஜெட் சரியாக அந்த இடத்தில் வந்து நிற்கிறது. அது குறைந்த பட்ஜெட் என்றே நான் சொல்லமாட்டேன்.

சரி, 35, 40 பவுண்ட் பாட்டிலில் அந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது? பெரும்பகுதி சின்ன அளவில் செய்வதன் செலவுக்குப் போகிறது. 2009-இல் சிப்ஸ்மித் என்ற ஜின் நிறுவனம் லண்டனில் சிறிய செப்புக் கொப்பரை வைத்துக் காய்ச்சப் போராடி உரிமம் வாங்கியது. அதுவரை அவ்வளவு சிறிய கொப்பரைகளுக்கு உரிமம் கிடைப்பதே அபூர்வம். அதற்குப் பிறகு பிரிட்டன் முழுக்க நூற்றுக்கணக்கான சிறு ஜின் ஆலைகள் முளைத்தன. சின்னக் கொப்பரையில் ஒரு தடவைக்குச் சில நூறு பாட்டில் எடுப்பவருக்கு ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஆகும் செலவு அதிகம்தான், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. தனியாக வார்ப்பு செய்த கனமான பாட்டில், கார்க், மெழுகு, விளம்பரம் இவற்றுக்கும் காசு வேண்டும். அக்கம்பக்கத்து ஆலையை ஆதரிக்க விரும்பி வாங்குகிறவரை நான் பாராட்டுவேன். ஆனால் செய்யும் செலவு கூடினால் கிளாஸில் ருசியும் அதே அளவு கூடும் என்று கணக்குப் போடாதீர்கள். இன்னொன்று: சொந்தக் கொப்பரையே இல்லாத பிராண்டுகளும் நிறைய. லண்டன் கிளாப்பம் பகுதியில் இருந்த தேம்ஸ் டிஸ்டில்லர்ஸ், பர்மிங்காம் அருகே லாங்லி, வாரிங்டனில் ஜி அண்ட் ஜே போன்ற ஆலைகள் பிறருக்காகக் காய்ச்சிக் கொடுத்துப் பெயர் பெற்றவை. அவர்கள் கைதேர்ந்தவர்கள், ஜின்னும் நன்றாகவே இருக்கும். லேபிளில் இருக்கும் கிராமத்துப் படத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

இனி லேபிளை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். முதலில் ஆல்கஹால் சதவீதம். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் ஜின் என்று விற்கக் குறைந்தபட்சம் 37.5 இருக்க வேண்டும், அமெரிக்காவில் 40. இந்த எண்ணைப் போதை அளவாக மட்டும் பார்க்கிறவர்கள்தான் அதிகம். நான் அதை ருசியின் அளவாகவும் பார்க்கிறேன். ஜூனிபர், ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி இவற்றின் மணம் எண்ணெயில் இருக்கிறது. அந்த எண்ணெய் ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. ஆல்கஹால் கூடுதலாக இருந்தால் கூடுதல் மணத்தைத் தாங்கும். டானிக்கும் ஐஸும் சேர்த்து நீர்த்துப் போகும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதனால் ஒரே மாதிரி இரண்டு பாட்டில் ஒரே விலையில் இருந்தால் சதவீதம் அதிகமானதை எடுங்கள். கூடுதல் தீர்வையைக் கட்டிவிட்டு அதே விலைக்குத் தருகிறார் என்றால், அவர் உள்ளே இருப்பதில் காசு போட்டிருக்கிறார் என்று நம்ப இடமுண்டு. 40-ஐத் தொட்டால் நல்லது, 41, 43 என்றால் இன்னும் நல்லது. ஒரே பிராண்ட் ஊருக்கு ஊர் வேறு வேறு சதவீதத்தில் வரும் என்பதையும் கவனியுங்கள். கார்டன்ஸ் பிரிட்டனில் பச்சை பாட்டிலில் 37.5. 1992 வரை அதுவே 40 ஆக இருந்தது. பாம்பே சஃபையர் இங்கே 40, அமெரிக்காவில் 47. டான்கரே அமெரிக்காவில் 47.3, இங்கே அதைவிடக் குறைவு. விமான நிலையக் கடைகளில் இதே பிராண்டுகளின் கூடுதல் சதவீத பாட்டில்கள் அகப்படும், ஊருக்குப் போய்த் திரும்பும்போது கண் வையுங்கள்.

அடுத்தது ‘லண்டன் டிரை’ அல்லது ‘லண்டன் ஜின்’ என்ற சொல். லண்டனில் செய்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை, எந்த நாட்டிலும் செய்யலாம். அது செய்முறையைக் குறிக்கும் சட்டப்பூர்வமான சொல். மணம் முழுவதும் காய்ச்சி வடிக்கும்போதே வந்திருக்க வேண்டும். பிறகு செயற்கை மணமோ நிறமோ சேர்க்கக்கூடாது, தண்ணீரும் வெறும் ஸ்பிரிட்டும்தான் சேர்க்கலாம். சர்க்கரை லிட்டருக்கு 0.1 கிராமுக்கு மேல் போகக்கூடாது. ஆனால் வெறும் ‘ஜின்’ என்று மட்டும் போட்டிருந்தால், சாதாரண ஸ்பிரிட்டில் மணச் சத்துகளைக் கலக்கிப் பாட்டிலில் அடைத்திருந்தாலும் சட்டப்படி சரிதான். குறைந்த விலை அலமாரியில் இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். அங்கே ‘லண்டன் டிரை’ என்பது உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரு பாதுகாப்பு. அது இல்லாதவை எல்லாம் மட்டம் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஹென்ட்ரிக்ஸ் ஜின்னில் வெள்ளரியும் ரோஜாவும் காய்ச்சிய பிறகு சேர்க்கிறார்கள், அதனால் அது ‘லண்டன் ஜின்’ ஆக முடியாது. ஆனாலும் அருமையான சரக்கு, உங்கள் பட்ஜெட்டுக்கு மேலே நிற்கிறது என்பது மட்டும்தான் குறை.

பக்கத்திலேயே பளபளவென்று நிற்கும் ‘ஜின் லிக்கர்’ பாட்டில்களை அவசரத்தில் எடுத்துவிடாதீர்கள். அவற்றில் ஆல்கஹால் பெரும்பாலும் 20 சதவீதம் சுற்றி, சர்க்கரை லிட்டருக்கு 100 கிராமாவது இருக்கும். இளஞ்சிவப்பு நிறத்தில் ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி ஜின்கள் 37.5 சதவீதத்தில் வருகின்றன. இனிப்பும் பழ வாசனையும் பிடித்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் மார்ட்டினி கலக்க அவை உதவாது, நீங்கள் ஒரே பாட்டில்தான் வாங்குவதாகச் சொல்கிறீர்கள்.

வாசனைப் பொருட்களின் எண்ணிக்கையை வைத்துத் தரத்தை அளக்காதீர்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘இருபத்தைந்து மூலிகைகள்’ என்று லேபிள் பெருமைப்படும். டான்கரேயில் நாலே நாலுதான்: ஜூனிபர், கொத்தமல்லி விதை, ஏஞ்சலிகா வேர், அதிமதுரம். 1830-இல் சார்லஸ் டான்கரே தொடங்கிய ஜின் அது, இன்றும் மார்ட்டினிக்கு அதைத் தேடிப் போகிறவர்கள் ஏராளம். பீஃப்ஈட்டரில் ஒன்பது, பாம்பே சஃபையரில் பத்து. ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் பகுதியில் செய்யும் மங்கி 47-இல் நாற்பத்தேழு. அதுவும் பிரமாதமான ஜின்தான், ஆனால் பாட்டில் 500 மில்லி. இந்த இடத்தில் கண்ணை ஏமாற்றும் விஷயம் ஒன்று: விலை உயர்ந்த ஜின்களில் பல 500 மில்லியில் வருகின்றன. அலமாரியில் விலைச்சீட்டின் கீழே சின்ன எழுத்தில் லிட்டர் கணக்கு விலை இருக்கும், அதைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

இந்தப் பொருட்களில் பாதி நம் அடுப்பங்கரையில் இருப்பவை என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தருகிற விஷயம். ஜூனிபருக்கு அடுத்தபடி கிட்டத்தட்ட எல்லா ஜின்னிலும் இருப்பது தனியா. அதில் இருக்கும் லினலூல் என்ற பொருள்தான் எலுமிச்சை போன்ற மேல்மணத்தைக் கொடுக்கிறது. நம் ஊர் தனியா உருவத்தில் பெரிது, மணம் மென்மை. கிழக்கு ஐரோப்பாவின் சின்ன விதையில் எண்ணெய்ச் சத்து அதிகம். பாம்பே சஃபையரில் அதிமதுரமும் வால்மிளகும் உண்டு. சாம்பார்ப் பொடி வாசனையைப் பிரித்துச் சொல்லப் பழகிய மூக்கு ஜின்னுக்குள் நுழைய ரொம்ப நேரம் ஆகாது, தயங்க வேண்டாம்.

இனிப் பெயர்கள். இது என் தீர்ப்பு, எனக்கு ஜூனிபர் தூக்கலாக இருக்கும் உலர்ந்த ஜின்தான் பிடிக்கும் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள். 20 பவுண்ட் எல்லைக்குள் நான் முதலில் கை நீட்டுவது பீஃப்ஈட்டருக்கு. லண்டன் கென்னிங்டனில் இன்றும் காய்ச்சுகிறார்கள். ஜூனிபர், செவில் ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல், பாதாம், வேர்கள் எல்லாவற்றையும் 24 மணி நேரம் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுப் பிறகு காய்ச்சுவது அவர்கள் வழக்கம். ஆரஞ்சு வாசனை முன்னால் வரும், ஜூனிபர் பின்னாலேயே உறுதியாக நிற்கும். டானிக், மார்ட்டினி, நெக்ரோனி காக்டெயில் எதில் ஊற்றினாலும் காணாமல் போகாது. வாங்கும்போது சதவீதத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், சந்தைக்குச் சந்தை அது மாறுகிறது. இரண்டாவது டான்கரே. சலுகை இல்லாத நாளில் 20-ஐத் தாண்டிவிடும், சலுகையில் உள்ளே வரும். அப்படி வரும்போது யோசிக்காமல் எடுங்கள். இது பைன் மரப் பிசின் வாசனை தூக்கலான, கறாரான ஜின், மார்ட்டினிக்கு பீஃப்ஈட்டரைவிட இதையே சிபாரிசு செய்வேன். மூன்றாவது பாம்பே சஃபையர். இதில் பொருட்களை ஸ்பிரிட்டில் ஊறப்போடாமல் கூடையில் வைத்து ஆவியை அதன் வழியாக அனுப்புகிறார்கள், அதனால் மணம் லேசாக, பூ மாதிரி இருக்கும். ஜின்னின் ஜூனிபர் காட்டம் பிடிக்காதவருக்கு நல்ல தொடக்கம். ஆனால் இனிப்பான டானிக்கில் கொஞ்சம் அமுங்கிப் போகிறது என்பது என் அபிப்பிராயம். பெயரில் இருக்கும் சஃபையர், ‘ஸ்டார் ஆஃப் பாம்பே’ என்ற 182 காரட் நட்சத்திர நீலக்கல். இலங்கையில் கிடைத்த கல் அது, இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கார்டன்ஸ் பற்றிக் கேட்காமல் இருக்கமாட்டீர்கள். 1769-இல் தொடங்கிய பழைய பெயர், செய்முறையும் கச்சிதமானது, 37.5 என்பதுதான் அதன் குறை. டானிக்குக்குப் போதும், மார்ட்டினியில் மெலிந்து தெரியும். அதைவிட இரண்டு பவுண்ட் கூடக் கொடுத்து மேலே சொன்ன மூன்றில் ஒன்றை வாங்குவதே லாபம். சூப்பர்மார்க்கெட்டுகளின் சொந்த பிராண்டுகளை அலட்சியம் செய்யாதீர்கள். ஆல்டியின் ஆலிவர் குரோம்வெல் விலைக்கு மிக நல்ல ஜின் என்று பல வருடமாகப் பெயர் எடுத்தது, லிட்லின் ஹாம்ப்ஸ்டெட்டும் நன்றாக இருக்கும். மாத பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் இவற்றில் ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தை டானிக்கில் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நாலைந்து பவுண்ட் மேலே போக முடிகிற மாதம் வந்தால் பிளிமத் ஜின். 1793 முதல் பிளிமத் ஊரில் அதே பிளாக் ஃப்ரையர்ஸ் கட்டடத்தில் காய்ச்சுகிறார்கள், 41.2 சதவீதம். மண் வாசனையோடு வழுவழுப்பாக இறங்கும். அந்த விலைக்கு மேல் போவது எல்லாம் ஆசைக்கு வாங்குவது.

பெட்டியில் அச்சடித்திருக்கும் சில வாக்கியங்களுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்ற குழப்பமும் வரும். ‘ஐந்து முறை காய்ச்சியது’ என்பதற்கு ஜின்னில் பெரிதாக அர்த்தம் இல்லை, அடிப்படை ஸ்பிரிட் ஏற்கெனவே கோபுரம் போன்ற வாலையில் சுத்தமாகித்தான் வருகிறது. ‘மலை ஊற்று நீர்’ என்பதும் அப்படித்தான், தண்ணீரை உப்பு நீக்கித்தான் பெரும்பாலானவர்கள் சேர்க்கிறார்கள். பதக்கங்கள் விஷயம் இரண்டுங்கெட்டான். பெரிய போட்டிகளில் பெயரை மறைத்துத்தான் ருசிக்கிறார்கள், அந்த நேர்மை உண்மை. ஆனால் நிறுவனம் கட்டணம் கட்டி அனுப்பிய பாட்டில்களைத்தான் ருசிக்கிறார்கள், வெள்ளியும் வெண்கலமும் ஏராளமாகக் கொடுக்கிறார்கள். குறைந்த விலை ஜின்னின் மேல் தங்கப் பதக்கம் இருந்தால் ஒரு நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம், பதக்கம் இல்லாததை ஒதுக்க வேண்டாம். தொழிலுக்குள்ளேயே சண்டை நடக்கும் விஷயம் ஒன்றும் உண்டு. வாசனைப் பொருட்களை அடர்த்தியாகப் போட்டுக் காய்ச்சி, பிறகு வெறும் ஸ்பிரிட் கலந்து பெருக்குவது பெரிய ஆலைகள் சிலவற்றின் வழி. ஒரே அடியில் தேவையான அடர்த்திக்குக் காய்ச்சி, தண்ணீர் மட்டும் சேர்ப்பது மற்றொரு வழி. இரண்டாவதுதான் ருசியில் மேல் என்று சிறு ஆலைக்காரர்கள் சாதிப்பார்கள். பெயரை மறைத்து வைத்துக் குடித்தால் எனக்கு அப்படி நிச்சயமாகச் சொல்ல வரவில்லை.

உங்கள் மூக்கை நம்ப ஒரு எளிய வழி சொல்கிறேன், தொழிலில் இருப்பவர்கள் செய்வதும் இதுதான். சின்ன ஒயின் கிளாஸில் ஒரு தேக்கரண்டி ஜின், அதே அளவு சாதாரணத் தண்ணீர். ஐஸ் வேண்டாம், குளிர்ச்சி மணத்தையும் அடக்கும், குறையையும் மறைக்கும். மெதுவாக முகருங்கள். பைன் மரம், எலுமிச்சைத் தோல், தனியா, அடியில் ஈர மண் போன்ற வேர் வாசனை தனித்தனியாகத் தெரிந்து, ஒன்றாகவும் சேர்ந்து வந்தால் நல்ல ஜின். நகச்சாயம் அழிக்கும் திரவம் போன்ற வாடை, மூக்கைக் குத்தும் வெறும் சாராய நெடி, மிட்டாய் எசென்ஸ் வாசனை, சோப்பு மாதிரி ஒட்டும் பூவாசனை இவை குறைகள். விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் மணம் நிற்கிறது என்று பாருங்கள். தண்ணீர் சேர்த்ததும் லேசாகக் கலங்கினால் பயப்படாதீர்கள், எண்ணெய் பிரிந்து வெளியே வருவதுதான் அது, கெட்டுப்போன அடையாளம் இல்லை. இரண்டு ஜின்னை ஒப்பிட வேண்டுமானால் 50 மில்லி மினியேச்சர் பாட்டில்கள் வாங்கி, வீட்டில் ஒருவரை மூன்று கிளாஸ் ஊற்றச் சொல்லுங்கள், இரண்டில் ஒரே ஜின், ஒன்றில் வேறு. எது தனி என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் விலை குறைந்ததை வாங்கிவிடலாம்.

டானிக்குக்கு வருவோம், பலர் சறுக்குவது இங்கேதான். 50 மில்லி ஜின்னுக்கு 150 மில்லி டானிக் ஊற்றினால் கிளாஸில் முக்கால் பங்கு டானிக். 38 பவுண்ட் ஜின்னை வாங்கிவிட்டு, நேற்றுத் திறந்த இரண்டு லிட்டர் பாட்டிலில் வாயு போன டானிக்கை ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 150 மில்லி சின்ன டின்களாக வாங்குங்கள், ஒவ்வொரு முறையும் நுரை புதிதாக இருக்கும். செயற்கை இனிப்பு சேர்த்த டானிக்கில் கடைசியில் ஒரு உலோகக் கசப்பு தங்குவதாக எனக்குத் தெரிகிறது. சிலருக்குத் தெரிவதே இல்லை, உங்களுக்கு எப்படி என்று ருசித்துப் பாருங்கள். டின்னின் பின்புறம் இனிப்பு எது என்று போட்டிருக்கும். கிளாஸ் நிறைய ஐஸ் போடுங்கள். குறைவாகப் போட்டால்தான் சீக்கிரம் உருகி நீர்த்துப் போகும். எலுமிச்சையைப் பிழிந்து ஊற்றுவதைவிட ஒரு துண்டு தோலை மேலே முறுக்கிப் போடுங்கள், தோலின் எண்ணெய்தான் ஜின்னோடு பேசும். 50 மில்லி என்பது 40 சதவீத ஜின்னில் 2 யூனிட் (ஒரு யூனிட் என்றால் 10 மில்லி சுத்த ஆல்கஹால்). வாரத்துக்கு 14-ஐத் தாண்ட வேண்டாம் என்பது இங்குள்ள சுகாதாரத் துறையின் பரிந்துரை, அதனால் அளவுக் குவளை ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையளவாக ஊற்றினால் எல்லோருமே அதிகம்தான் ஊற்றுகிறோம்.

எங்கே, எப்போது வாங்குவது? பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளில் நவம்பர், டிசம்பரிலும் ஈஸ்டரை ஒட்டியும் பெரிய பிராண்டுகள் நாலைந்து பவுண்ட் இறங்கும். ஒரு லிட்டர் பாட்டில் சலுகையில் வந்தால் இன்னும் லாபம். திறந்த ஜின் குளிர்ந்த, வெயில் படாத அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். நம்மவர்கள் பலர் நடத்தும் தெருமுனை ஆஃப்-லைசன்ஸ் மதுக்கடைகளில் அதே பாட்டில் இரண்டு மூன்று பவுண்ட் கூடுதலாக இருப்பதைப் பார்த்து அவர்கள்மேல் கோபப்பட வேண்டாம், பெரிய சங்கிலிக் கடைகளுக்குக் கிடைக்கும் கொள்முதல் விலை அவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் எங்கேயாவது யாராவது முழு பாட்டிலை 8, 9 பவுண்டுக்கு நீட்டினால் விலகி வந்துவிடுங்கள். மேலே போட்ட கணக்குப்படி 37.5 சதவீத பாட்டிலுக்குத் தீர்வையும் அதன்மேல் வாட்டும் சேர்த்தாலே 10.33 பவுண்ட். அதற்குக் கீழே விற்பதை இங்கிலாந்தில் 2014 முதல் சட்டமே தடுக்கிறது. அதைவிட மலிவாக வருவது வரி கட்டாத சரக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.

ஸ்காட்லாந்தில் இருந்து படிப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே குறைந்தபட்ச விலைச் சட்டம் உண்டு, 2024 செப்டம்பர் இறுதியிலிருந்து ஒரு யூனிட்டுக்கு 65 பென்ஸ். 37.5 சதவீத 700 மில்லி பாட்டில் 17.06 பவுண்டுக்குக் கீழே போகவே முடியாது, 40 சதவீதம் என்றால் 18.20. அதனால் கடையின் சொந்த பிராண்டுக்கும் பெரிய பிராண்டுக்கும் இடைவெளி ஓரிரு பவுண்டாகச் சுருங்கிவிடுகிறது. அங்கே மலிவானதைத் தேடுவதில் அர்த்தமே இல்லை, நேராக பீஃப்ஈட்டருக்கோ டான்கரேவுக்கோ போய்விடுங்கள்.

கடைசியாக மார்ட்டினி. டானிக்கில் ஒளிந்துகொள்ளும் ஜின் இதில் ஒளிய முடியாது, அதனால் 40 சதவீதத்துக்குக் கீழே இருப்பதை இதற்கு வைத்துக்கொள்ள வேண்டாம். 60 மில்லி ஜின், 10 மில்லி டிரை வெர்மூத், நிறைய ஐஸ் போட்டு அரை நிமிடம் கலக்கி வடித்து, எலுமிச்சைத் தோல் முறுக்கிப் போட்டால் ஆயிற்று. கிளாஸை முன்னாலேயே ஃப்ரீசரில் வைத்திருங்கள். வெர்மூத் என்பது ஒயின் வகை என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். திறந்து வருடக்கணக்காக அலமாரியில் நிற்கும் வெர்மூத்தை ஊற்றிவிட்டு ஜின்னைக் குறை சொல்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். சின்ன பாட்டிலாக வாங்கி, திறந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒரு மாதம் ஒன்றரை மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். மிஞ்சினால் மீன் சமைக்கும்போது சட்டியில் ஊற்றலாம், நன்றாக இருக்கும்.